கையில் ஒட்டாத பொடி

எலி அக்காவுக்கு ஆரம்பத்தில் எலி என்றாலே ஆகாது. ஆராய்ச்சிக் கூடத்தில் கூட்டிப் பெருக்க ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவள், கீழ்த்தளத்தில் இரண்டு கதவு தாண்டி உள்ளே அழைத்துப் போன பிறகுதான் என்ன வேலை என்று பார்த்தாள். சுவர் முழுக்க அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மரத்தூளுக்குள் கட்டைவிரல் பருமனில் நாலைந்து கறுப்பு எலிகள். ஜன்னல் கிடையாது. வாடை மூக்கைத் துளைத்தது. "நாளைக்கு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள், "செத்தாலும் அங்க போக மாட்டேன்" என்றாள்.

புருஷன் சிரித்தான். "எலிங்களும் இந்நேரம் உன்னப் பத்தி அப்படித்தான் பேசிட்டிருக்கும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் பழகிப் பாருங்க."

மறுநாள் போனாள். அதன்பிறகு போய்க்கொண்டே இருந்தாள். பெட்டியில் மரத்தூள் மாற்றுவாள், தண்ணீர் பாட்டில் கழுவி நிரப்புவாள், கூடு கட்டிக்கொள்ளக் காகிதத் துணுக்கு போடுவாள், வாலின் அடியைப் பிடித்துத் தூக்கிச் சின்னக் கிண்ணத்தில் விட்டு எடை பார்ப்பாள். எலி கடித்தால் முதலில் அலறினாள், பிறகு திட்டினாள், பிறகு கையுறையைக் கழற்றிக் கழுவிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தாள். ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் எலி அக்கா ஆனாள். தெருவிலும் அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அவள் புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரேடியோ. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவனுடையது. ஒரு நாற்காலி அவனுக்கு, இன்னொன்று கூட்டாளிக்கு. கூட்டாளி வாயே திறக்கமாட்டார். அதனால் வாடிக்கையாளர்கள் அவருக்கு மௌனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரேடியோ கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து ஓடும். முடி வெட்டி முடிந்த பிறகும் கதை முடியாததால் உட்கார்ந்தே இருந்தவர்கள் உண்டு. அவசரமாகப் போகிறவர்கள் மௌனத்தின் நாற்காலிக்குப் போவார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு முன்னால் தரையில் உட்காருவாள். நாளெல்லாம் தொப்பிக்குள் இறுகிக் கிடந்த தலையை அவன் பிடித்துவிடுவான். நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்னால், பிடரி. பத்து விரலும் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும். "எத்தனை பேரு கியூல நிக்குறான் தெரியுமா இந்தக் கைக்கு?" என்பான். அவள் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்வாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த அரைமணி நேரத்தைத்தான் இருவரும் குடும்பம் என்று நினைத்தார்கள்.

முதலில் கெட்டது அவன் கண். ஒருநாள் சலூனில் சிவப்புத் துண்டை உதறிப் பார்த்துவிட்டுச் சலவைக்காரரிடம் சண்டைக்குப் போனான். "என்னய்யா இப்படி வெளுத்துக் குடுத்திருக்க? ரத்தச் சிவப்புத் துண்டு ரோஸ் கலராயிடுச்சு." சலவைக்காரர் துண்டை வாங்கிப் பார்த்தார். "சிவப்பாத்தானே இருக்கு?" என்றார். ரேடியோ இடது கண்ணை மூடினான். துண்டு வெளிறிப்போனது. வலது கண்ணை மூடினான். துண்டு சிவந்தது. அதையே ஒரு விளையாட்டாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணை உருட்டினால் வலி என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கண் டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்தார். கொஞ்ச வாரத்தில் நிறம் திரும்பியது. மறந்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் கை. வலது கை விரல் நுனியில் எப்போதும் மெல்லிய உறை போட்டது மாதிரி இருப்பதாகச் சொன்னான். சீப்புக்கும் கத்தரிக்கோலுக்கும் வித்தியாசம் கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. தடுமாறி நடந்தான். குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்தது மாதிரி ஒன்று ஓடியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குகை மாதிரி இயந்திரத்துக்குள் படுக்க வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள்.

நரம்பு டாக்டர் நிதானமான மனுஷன். படத்தை வெளிச்சத்தில் வைத்து வெள்ளை வெள்ளையாக இருந்த இடங்களைக் காட்டினார்.

"நரம்புன்னா ஒரு ஒயர் மாதிரி வெச்சுக்குங்க..." என்று ஆரம்பித்தார்.

"சார், எனக்கு ஒயர் தெரியாது. ஃபேன் ரிப்பேரானாலே ஆளைத்தான் கூப்பிடுவேன்" என்றான் ரேடியோ.

டாக்டர் சிரித்துவிட்டு ஒயரை விட்டார். மூளையில் ஒருவகை செல் இருக்கிறது, அதன் வேலையே நரம்பைச் சுற்றிப் போர்த்துவதுதான் என்றார். ஒவ்வொரு செல்லும் பல கைகளை நீட்டிப் பல நரம்புகளை ஒரே சமயத்தில் சுற்றிக்கொள்ளும். சுற்று மேல் சுற்றாக, கொழுப்பால் ஆன உறை. அது இருந்தால்தான் செய்தி வேகமாகப் போகும். நரம்புக்குத் தீனி கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் அந்தச் செல்தான். "உங்களுக்கு உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைப் பகையாளின்னு நினைச்சு அடிக்குது. உறை கிழிஞ்ச இடத்துல செய்தி தடுமாறுது. இந்த செல்லுக்குப் பேரு ஆலிகோடென்ட்ரோசைட். வியாதிக்குப் பேரு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்."

எலி அக்கா நிமிர்ந்தாள். ஆராய்ச்சிக் கூடத்தில் அதை ஆலிகோ என்பார்கள். வருஷக்கணக்காகக் காதில் விழுந்த பெயர். மாடியில் இருந்து அந்த ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் காலையில் வந்ததும் "அக்கா, ஆலிகோ எலிங்க எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். ஏதோ அடுத்த தெருவில் குடியிருக்கும் ஆளின் பெயரைப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டது மாதிரி இருந்தது அவளுக்கு.

"குணமாயிடுமா சார்?" என்று ரேடியோ கேட்டான்.

"கட்டுப்படுத்தலாம். அடி விழுறதைக் குறைக்க மருந்து இருக்கு. விழுந்த அடியைச் சரிபண்ணத்தான் இன்னும் மருந்து இல்ல."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றார்கள். ரேடியோ டாக்டரின் கழுத்துப் பட்டி கோணலாக இருந்ததைப் பற்றிப் பேசினான். அவள் வீட்டுக்கு வந்து அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார், தம்பி என்றால் உயிரை விடுகிறவள், விஷயம் கேட்டு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் அழுது முடிக்கும்வரை எலி அக்கா பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாரு" என்று நாத்தனார் பிறகு தெருவில் சொன்னாளாம். வராதது உண்மைதான். அவளும் அதைக் கவனித்திருந்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. கன்னம் இருக்கிறது, தன்னுடையதாகத் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். அன்று பொடி கலக்கும் நாள்.

அந்தப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன பாட்டிலில் வரும். காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, இரட்டைக் கையுறை போட்டு, அரைத்த எலித்தீனியில் அதைத் துளி அளவு கலக்க வேண்டும். அந்தத் தீனியைச் சில வாரம் தின்றால் எலி மூளையில் இருக்கும் ஆலிகோ செத்துப்போகும். நரம்பின் உறை உரிந்துவிடும். வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் இளைக்கும், ரோமம் மங்கும். ஆனால் சுழலும் உருளைமேல் ஏற்றிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மற்ற எலிகள் ஓடிக்கொண்டே இருக்கும்போது இது பொத்தென்று கீழே விழும். பிறகு பொடியை நிறுத்தி வெறும் தீனி கொடுத்தால், இன்னும் சில வாரத்தில் உறை திரும்ப வளரும். எலி உருளைமேல் நிற்கும். அதற்குப் பிறகு மேடம் அதன் மூளையை எடுத்துப் பார்ப்பார். குணமாகாத எலி, குணமான எலி, எல்லாம் ஒரே வழிதான்.

இதையெல்லாம் அவள் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அன்றும் செய்தாள். பொடியை அளந்தாள், கலக்கினாள், கிண்ணங்களை நிரப்பினாள். கையுறையைக் கழற்றும்போது மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கையுறையின் உள்ளே இருக்கும் வழவழப்பு மாவுதான் அது. தெரிந்தும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இத்தனை வருஷம் இந்தக் கையோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்தத் தலையோடுதான் அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவன் பத்து விரலும் இந்த முடிக்குள்தான் இருந்தன. அவன் விரல் நுனிதான் முதலில் மரத்தது.

அன்றிலிருந்து ஆராய்ச்சிக் கூடத்திலேயே தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். வேலைக்குப் போட்ட துணியை அங்கேயே அலசினாள். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டாள். சாயங்காலம் அவன் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, "வா, தலையக் காட்டு" என்றபோது, "ஈரமா இருக்குங்க" என்றாள். மறுநாளும் ஈரமாக இருந்தது. ஒரு வாரத்தில் அவன் கூப்பிடுவதை விட்டுவிட்டான். இரவு அவள் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சமைக்கும்போது கையை மூன்று தடவை கழுவினாள். எதையும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாள் குளுக்கோஸ் மாதிரி ஏற்றிய மருந்தில் அவன் கை பாதி திரும்பியது. சலூனுக்குப் போனான். ஒரு வாடிக்கையாளரின் காது மடலில் கத்தரி பட்டுவிட்டது. சின்ன வெட்டுதான். அந்த ஆள் பழக்கமானவர், "பரவால்ல ரேடியோ, இன்னொன்னு இருக்கு" என்றார். ஆனால் ரேடியோ கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வெட்டுவது மௌனம், பேசுவது ரேடியோ என்று ஆகிவிட்டது. கடைக்குக் கூட்டம் குறையவில்லை.

வீட்டில்தான் சத்தம் குறைந்தது.

ஒரு விடுமுறை நாள் நாத்தனார் கீழே வந்தாள். யாரோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிற ஒருவர் வாய் தவறிச் சொன்னது அவள் காதுவரை வந்திருந்தது.

"ஏம்மா, நீ அங்க எலிக்கு இதே வியாதிய வரவழைக்கிறியாமே? நிஜமா?"

எலி அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா அண்ணி."

"கேட்டியா தம்பி! வாயில்லா ஜீவனுக்கு வியாதி குடுத்துட்டு வர்றா. அந்தப் பாவம் சும்மா விடுமா? அவளை விட்டுட்டு உன் தலையில வந்து விடிஞ்சிருக்கு."

ரேடியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "அக்கா, அப்படிக் கணக்குப் பாத்தா, நான் எத்தனை ஆயிரம் பேரு முடிய வெட்டிருக்கேன். எனக்கு வழுக்கையில்ல விழுந்திருக்கணும்? இங்க பாரு, காடு மாதிரி இருக்கு."

"உனக்கு எல்லாம் சிரிப்புதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் மாடியேறினாள்.

கதவு மூடியதும் அவன் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷமா எலி எலின்னு சொன்னியே, இதைச் சொல்லலியே" என்றான்.

"நீங்க கேக்கலியே."

"சரி. இப்பக் கேக்குறேன். அதுங்களுக்கும் இப்படி மரத்துப் போகுமா?"

"தெரியாது. அதுங்க சொல்லாது."

அவன் தலையாட்டினான். "நீயும்தான் சொல்ல மாட்டேங்குற. என் கை பிடிக்காமப் போச்சுன்னா அதை வாயத் தொறந்து சொல்லிடு. மரக்கட்டை மாதிரி இருக்கு, வேணாம்னு சொல்லு. ஈரமா இருக்குன்னு எத்தனை நாளைக்குச் சொல்லுவ?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். காயை நறுக்கி முடித்தாள்.

மறுநாள் மேடத்தின் அறைக்கு மாடியேறிப் போனாள். மேடம் அவளைவிடச் சின்னவர். சுருட்டை முடி, எப்போதும் ஆறிப்போன டீ. இத்தனை வருஷத்தில் எலி அக்கா அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தாள். புருஷனுக்குக் கண்ணில் ஆரம்பித்து என்ன வந்திருக்கிறது என்று சொன்னாள். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், என் துணியில, முடியில அந்தப் பொடி ஒட்டிக்கிட்டுப் போயி அவருக்கு வந்திருக்குமா?"

மேடம் டீயைத் தள்ளி வைத்தார். "எவ்வளவு நாளாக்கா இதை மனசுல வெச்சிருக்கீங்க?"

"வந்திருக்குமா, இல்லையா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. அந்தப் பொடிய எலி தினம் தினம் வயிறாரத் தின்னாத்தான் அதுக்கே ஏதாவது ஆகுது. நிறுத்தினா சரியாயிடுது, நீங்களே பாக்குறீங்க. பொடி நேரா ஆலிகோவைக் கொல்லுது. உங்க வீட்டுக்காரருக்கு நடக்குறது வேற. அவரோட எதிர்ப்புச் சக்தியே போயி அடிக்குது. அது ஏன்னு உலகத்துல யாருக்கும் முழுசாத் தெரியாது. ரெண்டும் வேற வேற பாதை. போய்ச் சேர்ற இடம் மட்டும்தான் ஒண்ணு, உறை போயிடுது. அதனாலதான் எலிய வெச்சுப் பாக்குறோம்."

"எலிக்குத் திரும்ப வளருதே. இவருக்கு?"

மேடம் எழுந்து மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார். "பாருங்க." எலி அக்கா குனிந்து பார்த்தாள். உறை இருக்கும் இடமெல்லாம் நீலம். நடுவில் வெளுத்த திட்டு. அடுத்த கண்ணாடியில் அந்தத் திட்டுக்குள்ளும் நீலம் வந்திருந்தது, ஆனால் இளநீலம்.

"புதுசா வர்ற உறை மெல்லிசாத்தான் இருக்கும். பழைய கனம் வராது. ஆனா வேலை செய்யும். மூளைக்குள்ள குட்டி ஆலிகோ நிறைய காத்துக்கிட்டு இருக்கு. எலிக்கு அது வளர்ந்து வந்து சுத்திடுது. மனுஷனுக்கும் ஆரம்பத்துல செய்யும். உங்க வீட்டுக்காரர் கண்ணு தெளிஞ்சுதுல்ல? வீக்கம் வடிஞ்சது பாதி, இது பாதி. அடி மேல அடி விழுந்தா, அந்தக் குட்டிங்க அந்த இடம் வரைக்கும் வருது, அதுக்கு மேல வளராம நின்னுடுது. ஏன் நிக்குதுன்னுதான் நாங்க தேடுறோம்."

"இது எந்தப் பெட்டி எலி மேடம்?"

மேடம் எண்ணைப் பார்த்துச் சொன்னார். இடது காதில் ஓரம் கிழிந்த எலி. தண்ணீர் பாட்டிலைத் தட்டித் தட்டி விளையாடும். அவளுக்கு ஞாபகம் வந்தது.

"வேணும்னா உங்களை வேற அறைக்கு மாத்தச் சொல்றேன். மேல சர்க்கரை வியாதிப் பிரிவு இருக்கு."

"அங்கயும் எலிதானே மேடம்" என்றாள் அவள். எழுந்து கீழே போய்ப் பாட்டில் கழுவினாள்.

தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கழுத்து அப்படியே இருந்தது. அவள் குற்றமில்லை என்பது தெரிந்துவிட்டது. அதனால் அவன் விரலுக்கு எதுவும் திரும்பிவிடவில்லை.

சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொடி, கையுறை, குளியல், தள்ளிப் போட்ட பாய். கடைச்சாமான் கணக்குச் சொல்வது மாதிரி ஒரே குரலில் சொன்னாள். ரேடியோ குறுக்கே பேசாமல் கேட்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"லூசு" என்றான் கடைசியில். "நான் என்ன எலித்தீனியவா தின்னேன்?" பிறகு, "உன் சமையலைப் பாத்தா சந்தேகமாத்தான் இருக்கு" என்றான்.

அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவன் விரல்கள் முடிக்குள் நுழைந்தன. பழைய கை இல்லை அது. எங்கே அழுத்துகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் நகம் பதிந்தது.

"அழுத்திட்டேனா?"

"இல்லங்க."

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியல, அதான் கேக்குறேன்."

"கொஞ்சம் மெதுவா. ம். இப்ப சரி."

"இனிமே நீதான் சொல்லணும். ஸ்டேஷன் எங்க இருக்குன்னு நீ சொல்லு, நான் திருப்புறேன்."

அடுத்த இரண்டு வருஷம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டு வருவான். புதிதாக அடி விழவில்லை என்று டாக்டர் படத்தைக் காட்டினார். ஆனாலும் மெல்ல மெல்ல ஏதோ குறைந்துகொண்டே போனது. உறை போன நரம்பு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நாளாவட்டத்தில் தானே நைந்துபோகும் என்று டாக்டர் சொன்னார். வெயில் ஏறினால் கால் துவண்டது, கண் மங்கியது. மத்தியானத்துக்கு மேல் ரேடியோவுக்குப் பேசவே அசதியாக இருந்தது. சொல் வாய்க்கு வருவதற்குள் வாடிக்கையாளர் பேருந்து ஏறியிருப்பார். ஊன்றுகோல் வந்தது. நாத்தனார் இப்போது தினமும் ஒருவேளைச் சாப்பாடு அனுப்பினாள். பாவத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

எலி அக்கா பிறகும் அழவில்லை. நேரத்துக்கு எழுந்தாள், நேரத்துக்குச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

அப்போது மேடம் ஒரு செய்தியோடு கீழே வந்தார். அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கிற பழைய மாத்திரை ஒன்று, குட்டி ஆலிகோக்களை வளரத் தூண்டுகிறது என்று எலிகளில் தெரிந்திருந்தது. அந்த எலிகளுக்கு வாயில் சின்னக் குழாய் வைத்து மருந்து புகட்டியது எலி அக்காதான். மருந்து குடித்தவை சீக்கிரமே உருளைமேல் விழாமல் நிற்க ஆரம்பித்ததை அவள் பார்த்திருந்தாள். இப்போது அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க நரம்பு டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

"நம்ம எலிங்க சாப்பிட்டதுதானே? குடுங்க" என்றான் ரேடியோ. "அதுங்க ருசி பாத்து அனுப்பியிருக்கு."

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாளே அவனுக்குக் கிடைத்தது மாவு இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விழுந்து விழுந்து தூங்கினான். உட்கார்ந்தால் தூக்கம், பாதி வாக்கியத்தில் தூக்கம். மௌனம் அவனைப் பார்க்க வந்து, அவன் விழிப்பதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அவருக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும்.

சில மாதம் கழித்துப் பரிசோதனை. பின்மண்டையில் ஒயர் ஒட்டி, திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி மின்ன, கண்ணிலிருந்து செய்தி மூளைக்குப் போய்ச் சேரும் நேரத்தை அளந்தார்கள். முடிவு சொல்ல அழைத்த அன்று மேடமும் வந்திருந்தார். டாக்டரின் முகத்தில் சிரிப்பு.

"முன்னேற்றம் இருக்கு. செய்தி முன்னவிட வேகமாப் போகுது. உறை கொஞ்சம் திரும்ப வளர்ந்திருக்குன்னு அர்த்தம். பெரிய விஷயம்."

"எவ்வளவு வேகம் சார்?" என்று எலி அக்கா கேட்டாள்.

"ஒரு வினாடிய ஆயிரமாப் பிரிச்சா, அதுல ரெண்டு."

ரேடியோ மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"ரெண்டா?" என்றான். "அந்த நேரத்துல நான் என்ன சார் பண்றது? பொத்தான் போடவா?"

மேடம்தான் முதலில் சிரித்தார். பிறகு டாக்டர். ரேடியோவும் சிரித்தான். எலி அக்கா மேடத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த மேடத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வருஷ எலிகள், பெட்டிகள், கண்ணாடித் துண்டுகள், எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷன் மூளைக்குள் அந்த இரண்டைச் செய்திருக்கின்றன. அது மேடத்துக்கு எவ்வளவு பெரிது என்று அவளுக்குப் புரிந்தது. தன் புருஷனின் சட்டைப் பொத்தானைக் காலையில் தான்தான் போட்டுவிட்டாள் என்பதும் நினைவிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதற்கும் அவள் மனசு அசையவில்லை.

"நல்லது மேடம்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

சோதனைக் காலம் முடிந்ததும் மருந்து அத்தோடு நின்றது. இன்னும் நல்லதாக, தூக்கம் வராததாக ஒன்று தேடுகிறார்கள் என்று மேடம் சொன்னார். கீழ்த்தளத்துக்குப் புது எலிகள் வந்தன. எலி அக்கா பெட்டிகளைத் திறந்து மரத்தூள் போட்டாள், எடை பார்த்தாள், பொடி கலக்கினாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் தலைக்குக் குளிக்கும் பழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

ரேடியோ இப்போது சலூனுக்குப் போவதில்லை. சக்கர நாற்காலி வீட்டுக்குள் திரும்புவதற்காகக் கட்டிலை ஓரத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். காலையில் குரல் தெளிவாக இருக்கும். அப்போது பேசவேண்டியதையெல்லாம் பேசிவிடுவான். மாதம் ஒருமுறை மௌனம் பையோடு வருவார். அறை நடுவில் நாற்காலியை நிறுத்தி, துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போடுவார்.

போன தடவை அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது, ரேடியோ கண்ணாடியில் பார்த்தபடி, "பின்னாடி ரொம்ப ஏத்தாதீங்க. ரெண்டு சைடும் ஒரே அளவா இருக்கா? கத்தரியைச் சாச்சுப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மௌனம் கத்தரிக்கோலை நிறுத்தினார். "நீ வெட்டுறியா, நான் வெட்டவா?" என்றார்.

அவர் குரலைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. ரேடியோ வாய் பிளந்து அவரைப் பார்த்தான். மாடிப்படியில் நின்றிருந்த நாத்தனார் பக்கென்று சிரித்துவிட்டாள். வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த எலி அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. தரையில் விழுந்த முடியைக் கூட்டி முறத்தில் அள்ளினாள். நரை பாதி, கறுப்பு பாதி. அடுப்படிக்குள் போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. மற்றவர்களுக்குப் பரிமாறும்வரை காத்திருக்காமல், நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள்.